பதினாலாம் நம்பர் இரண்டு

அத்தியாயம் 7

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும் சார்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "நீங்க சொல்லலன்னா, என்கிட்டயே ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்லிடுவேன்."

அப்துல் ரசாக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம். கீழே மூக்குக் கண்ணாடி, மேலே மூக்கை நுழைக்கிற தொழில் என்று உதவியாளன் உத்தமன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். இன்று சொல்லவில்லை. வந்திருப்பவளின் முகம் அப்படி.

"யார்கிட்ட சொல்லுவீங்கம்மா?"

"எங்க அண்ணன் திருமுருகன்கிட்ட. செங்கத்துலேர்ந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கான். திருவேற்காட்டுல பரந்தாமனோட லாரி ஷெட்டுக்கு எதிர்ல வேனை நிறுத்திட்டு என் போனுக்குத்தான் காத்துட்டு இருக்கான். என் வீட்டுக்காரருக்குப் போனது ஒரு கண்ணு. அவனுக்கு ரெண்டும் போகணும்."

குரலை உயர்த்தவே இல்லை. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் கண்ணைப் பிடுங்கப் போவதாகச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ரசாக் டீயைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே வெள்ளேரிப்பாக்கம். அங்கே கன்னியம்மன் கோயில் தெருவில் குடியிருப்பவன் ஜெகதீஷ், கிருஷ்ணப்பிரியாவின் கணவன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. போன மாதம் பன்னிரண்டாம் தேதி விடிகாலையில் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவனை, ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து மறித்தான்.

"பதினாலாம் நம்பர் ஊட்டுக்காரன் தானே நீ?"

ஆமாம் என்றான் ஜெகதீஷ்.

"ஏரில மண்ணு கொட்றாங்கன்னு இனிமே பெட்டிஷன் போடுவியா?"

பதில் சொல்வதற்குள் இரும்புக் குழாய் முகத்தில் இறங்கிவிட்டது. இடது கண்ணை டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெகதீஷ் ஏரியைப் பற்றி யாருக்கும் எந்த மனுவும் போட்டதில்லை. அந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூட அவன் நின்று பார்த்ததில்லை.

போலீஸ் இன்னும் பைக்கைத் தேடிக்கொண்டிருந்தது. ஜெகதீஷ் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, அதே தெருவில் இருக்கும் ஸ்ரீநாத் என்பவன் வந்து, அவன் காலடியில் உட்கார்ந்து அழுதான். "அந்தப் புகாரை எழுதினவன் நான்தாங்க. எனக்கு விழ வேண்டிய அடி உங்களுக்கு விழுந்திருச்சு."

எப்படி மாறி விழுந்தது என்பதையும் அவனே விளக்கினான். சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கன்னியம்மன் கோயில் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். நகராட்சி புதிய எண் கொடுத்துச் சுவரில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனது. ஜனங்கள் வாயில் பழைய எண்ணே நின்றுவிட்டது. ஜெகதீஷ் வீடு பழைய பதினாலு, ஸ்ரீநாத் வீடு புதிய பதினாலு. அரசாங்கக் கணக்கில் ஸ்ரீநாத்தான் பதினாலாம் நம்பர். தெருவில் யாரைக் கேட்டாலும் ஜெகதீஷ் வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள்.

"'ஆனா உங்க புகார் பரந்தாமனுக்கு எப்படித் தெரிஞ்சது'ன்னு ஸ்ரீநாத்தைக் கேட்டேன் சார்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "போன்ல காட்டினார். கவர்மென்ட்டோட ஓபன் டேட்டா பக்கம். மாசாமாசம் நகராட்சிக்கு வந்த புகாரையெல்லாம் எல்லாரும் பாக்கறதுக்குப் போடறாங்களாம். பேரையும் செல் நம்பரையும் எடுத்துட்டு, கதவு எண்ணை மட்டும் அப்படியே விட்டிருக்காங்க. 'கதவு எண் 14, ஏரியில் கட்டட இடிபாடு கொட்டப்படுகிறது.' ஃபைல் அஞ்சாம் தேதி போட்டது. பன்னண்டாம் தேதி அடி. ஏரில கொட்டறது பரந்தாமன் லாரி. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"அந்த ஸ்ரீநாத் எப்படிப்பட்ட ஆளு?"

"தம்பி மாதிரி. அன்னியிலேர்ந்து தினம் அவருக்குச் சூப் வச்சு எடுத்துட்டு வர்றார்."

ரசாக் எழுந்தார். "பரந்தாமன் யோக்கியன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஏரியைத் தூர்க்கறவன் எல்லாம் கண்ணைத் தோண்டுவான்னு சொல்ல முடியாது. நகராட்சிக்குப் போய் அந்த ஃபைலைப் பத்திக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் உங்க அண்ணன் வேனை விட்டு இறங்கக் கூடாது."

"விளக்கு வைக்கிற வரைக்கும்," என்றாள் அவள். "அதுக்கு மேல காத்திருன்னு அவன்கிட்ட என்னால சொல்ல முடியாது சார். சொல்லவும் மாட்டேன்."

---

உத்தமன் பைக்கை ஓட்ட, ரசாக் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் உத்தமன் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒரு டவுட்டு பாய். அடிக்க வந்தவன், ஊட்டு நம்பர் கேட்டு கன்ஃபார்ம் பண்ணிகினு அடிச்சிக்கிறான். அவன் ரவுடியா, கொரியர்காரனா? ஓடிபி ஒண்ணுதான் பாய் கேக்கல."

"எனக்கும் அதுதான் உறுத்துது."

"நம்ம ஏரியா ரவுடியா இருந்தா பேரைச் சொல்லிக் கூப்டுவான், திரும்புனா அடிப்பான். இவன் நம்பரையும் சொல்லி, எதுக்கு அடிக்கிறேன்னு காரணத்தையும் சொல்லிட்டுப் போயிக்கிறான். ஸ்கூல் டீச்சருங்கோ கூட இவ்ளோ விளக்கமா அடிக்க மாட்டாங்கோ."

"மூஞ்சியை மறைச்சவன் காரணத்தை மறைக்கல," என்றார் ரசாக். "அடி வாங்கினவன் அந்த ரெண்டு வார்த்தையையும் ஞாபகம் வச்சுக்கணும்னு நினைச்சிருக்கான்."

"எதுக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன் பின்னாடி உக்காந்து எலும்பு முறியறேன்? பள்ளத்தைப் பாத்து ஓட்டு."

---

வெள்ளேரிப்பாக்கம் நகராட்சியின் கம்ப்யூட்டர் அறை, பிறப்பு இறப்புப் பிரிவுக்கு அடுத்த கதவு. பொறுப்பாளர் கோமளா. டேட்டா என்று ரசாக் வாயெடுத்ததுமே எரிந்து விழுந்தாள்.

"யார் டவுன்லோட் பண்ணினாங்கன்னு கேக்கறீங்களா? அது எங்களுக்கே தெரியாது. யார் வேணா பாக்கலாம், பேர் கொடுக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொள்கையிலேயே எழுதியிருக்கு. மக்களோட தகவல், மக்களுக்கே."

"நல்ல கொள்கை," என்றார் ரசாக். அவர் கேலியாகச் சொல்லவில்லை. இருபது வருடமாக ஒரு கட்டட வரைபடத்துக்கும் ஒரு பட்டா நகலுக்கும் கவுன்ட்டர் கவுன்ட்டராகப் பல்லைக் காட்டியவர் அவர்.

"நல்ல கொள்கைதான் மேடம்," என்றான் உத்தமன். "ஆனா பேரை அழிச்சிட்டு வாசப்படியை வுட்டு வச்சிக்கிறீங்களே. மூஞ்சிக்கு முக்காடு போட்டுட்டு நெத்தில அட்ரஸ் ஒட்னா மாதிரி."

"என்னைக் கேட்டா? மேலேர்ந்து வந்த உத்தரவுல பேரை எடு, செல் நம்பரை எடுன்னு இருந்தது. கதவு எண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. சொந்த புத்தியில எடுத்திருந்தா, யாரைக் கேட்டு எடுத்தேன்னு மெமோ வரும். நீங்க வந்து பதில் எழுதுவீங்களா?"

நியாயமான கேள்விதான். அரசாங்கத்தில் சொந்த புத்தியை உபயோகித்துக் கெட்டவர்கள் உண்டு, உபயோகிக்காமல் கெட்டவர் ஒருவரும் இல்லை. ரசாக் கிளம்பத் தயாரானார். போகிற போக்கில்தான் அதைச் சொன்னார்.

"இது கோர்ட்டுக்குப் போற கேஸும்மா. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. பெரிசா ஒண்ணுமில்லை. அஞ்சாம் தேதி இந்த ஃபைலை நான்தான் ஏத்தினேன்னு கூண்டுல ஏறிச் சொன்னா போதும்."

கோமளாவின் கை மவுஸின் மேல் நின்றது. "கோர்ட்லயா?"

"ஆமா."

"அஞ்சாம் தேதின்னே சொல்லணுமா?"

ரசாக் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உத்தமன் கதவைச் சாத்தினான்.

"சொல்லுங்கம்மா. நான் போலீஸ் இல்லை."

"ஆபீஸ்ல இதெல்லாம் வழக்கம்தான் சார்," என்றாள் அவள். எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. "மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள ஏத்தணும்னு உத்தரவு. அந்த மாசம் என்னை வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போட்டுட்டாங்க. நான் திரும்பி வந்ததே இருபதாம் தேதி. அன்னிக்குத்தான் ஏத்தினேன். வெளியிட்ட தேதின்னு ஒரு கட்டம் இருக்கும், அதை நாமதான் நிரப்பணும். அஞ்சுன்னு போட்டேன். இருபதுன்னு போட்டா தாமதத்துக்கு விளக்கம் கேப்பாங்க."

"அதுக்கு முன்னாடி அந்த ஃபைல் வெளியில எங்கேயும் கிடையாதா?"

"என் கம்ப்யூட்டர்ல பேர், போன் நம்பர் எல்லாத்தோடயும் இருந்தது. பேரை எடுத்த ஃபைலை நான் பண்ணினதே இருபதாம் தேதிதான் சார்."

---

வெளியே வந்து இளநீர்க் கடைப் பக்கம் நின்றார்கள். உத்தமன் தலையைச் சொறிந்தான்.

"பன்னண்டாந் தேதி அடி. இருபதாந் தேதிதான் ஃபைலே பொறந்துக்கீது. அப்ப பரந்தாமன் எதைப் பாத்துட்டு ஆள் அனுப்பிச்சான்? ஆபீஸ்ல எவனுக்காவது டீக்காசு குடுத்து உள்ளேர்ந்து எடுத்துக்கினானா?"

"யோசிச்சுப் பாரு. உள்ளேர்ந்து எடுத்திருந்தா அதுல என்ன இருக்கும்?"

"பேரு கீது. போன் நம்பர் கீது." உத்தமன் வாயில் இருந்த ஸ்ட்ராவை எடுத்தான். "அப்ப ஸ்ரீநாத்னு பேரைச் சொல்லி நேரா அவன் ஊட்டுக்கே போயிருப்பான். ஆள் மாறி அடிக்க மாட்டானே பாய்."

"பேர் இல்லாம வெறும் பதினாலுன்னு ஒருத்தன் கேட்டான்னா, பேரை எடுத்துட்ட ஃபைலைப் பாத்தவன்னு நாம நம்பணும். அதுக்குத்தான் அப்படிக் கேட்டது. ஆனா அன்னிக்கு அந்த ஃபைலே இல்லை. பதினாலாம் நம்பர்லேர்ந்து ஏரியைப் பத்தி ஒரு புகார் போயிருக்குன்னு, பேரை மட்டும் விட்டுட்டு, ஊர் உலகத்துல யாருக்குத் தெரியும்?"

உத்தமன் இளநீரைக் கீழே வைத்துவிட்டான். "எழுதினவனுக்கு."

"ஆள் மாறல உத்தமா. சரியான ஆளைத்தான் அடிச்சிருக்காங்க. மாறின மாதிரி காட்டறதுக்குத்தான் ஏரியே வந்தது."

"ஆனா அவன் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் போலக் கீது. ஃபைல் வந்துச்சா இல்லையான்னு முன்னாடியே தொறந்து பாத்திருக்க மாட்டானா?"

"தெரிஞ்சவன்கிறதாலதான் பாக்கல. அடிக்கு முன்னாடி திறந்தா தடம் பதியும்னு பயந்திருப்பான். அடிக்கு அப்பறம் பாத்தான், அஞ்சாம் தேதின்னு போட்டிருந்தது. நிம்மதியாயிட்டான்."

"அரசாங்கம் போட்ட தேதியை நம்பிக்கிறான்," என்றான் உத்தமன். உண்மையிலேயே பரிதாபப்பட்டான். "ஒரே ஒரு தபா ரேஷன் கடை க்யூவுல நின்னிருந்தா தப்பிச்சிருப்பான் பாய்."

ரசாக் போனை எடுத்தார். முதலில் திருமுல்லைவாயில் இன்ஸ்பெக்டருக்கு. அடுத்து கிருஷ்ணப்பிரியாவுக்கு. "அம்மா, ஸ்ரீநாத் வீட்டுக்கு வந்துடுங்க. பேர் கிடைச்சிடுச்சு. அங்கே வச்சுச் சொல்றேன்."

---

ஸ்ரீநாத் வீட்டில் ரசாக்குக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்கும் காபி வந்தது. ஸ்ரீநாத்துக்கு முப்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. சமையலறையில் சூப் கொதிக்கிற வாசனை. மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புக் கதவு, அதன் பூட்டில் துணி சுற்றி அரக்கு முத்திரை.

"மேல என்ன தம்பி?" என்று கேட்டார் ரசாக்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திட்டு இருந்தேன் சார். நகராட்சியில சீல் வச்சுட்டாங்க."

"எதுக்கு?"

பதில் சொன்னவள் கிருஷ்ணப்பிரியா. "இரண்டாவது மாடிக்கு அனுமதி இல்லைன்னு. போன வருஷம் கட்டட அனுமதி டேட்டாவைத் திறந்து விட்டாங்க இல்ல, அதுல இவர்தான் பாத்துட்டு..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"இவர்னா?"

"என் வீட்டுக்காரர். நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டார். நகராட்சிக்கும் அனுப்பினார். அது முடிஞ்சு போன கதை சார். அவரே மறந்துட்டார்."

"அவர் மறந்துட்டார்," என்றார் ரசாக். "ஸ்ரீநாத், உன் புகார் இருந்த ஃபைலை இருபதாம் தேதிதான் ஏத்தியிருக்காங்க. அஞ்சுன்னு தேதி போட்டது அந்தம்மா மெமோவுக்குப் பயந்து. ஜெகதீஷ் அடி வாங்கினப்போ அந்தப் பதினாலாம் நம்பர் புகார் உன் ஒருத்தன் மனசுலதான் இருந்தது. பரந்தாமனை விடு. ஆளை எங்கே பிடிச்சே?"

ஸ்ரீநாத் ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கதவில் சாய்ந்து நின்ற உத்தமனைப் பார்த்தான். பிறகு அவன் முகத்திலிருந்து அந்தத் தம்பி என்கிற களை இறங்கிப் போயிற்று. அடியில் இருந்தது வேறு முகம்.

"இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு அனுமதி கிடையாது," என்றான் கிருஷ்ணப்பிரியாவிடம். "உங்க போர்ட்டிகோவுக்குக் கிடையாது. அந்த டேட்டாவுல எல்லாம் இருந்தது. உன் வீட்டுக்காரன் என்னோடதை மட்டும் எடுத்துப் போட்டான். ஏன் தெரியுமா? கிளாஸுக்கு வர்ற பிள்ளைங்க அவன் கேட்டுக்கு முன்னாடி வண்டி நிறுத்தினாங்களாம். அதுக்கு என் சோத்துல மண்ணைப் போட்டான். அதுக்குக் கீழே சிரிச்ச மூஞ்சி பொம்மை போட்டாங்க பாரு, ஒவ்வொருத்தரா. என்கிட்டப் படிச்ச பிள்ளைங்களோட அப்பா அம்மா. நான் எண்ணி எண்ணிப் பாத்தேன். ராத்திரி தூக்கம் வராது, எடுத்து எண்ணுவேன்."

"என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாமே," என்றாள் அவள்.

"எதுக்குச் சண்டை? தகவல் எல்லாருக்கும் பொதுன்னு அவன்தான் எழுதினான். பொதுன்னா எனக்கும் பொதுதானே. அவன் உபயோகிச்ச மாதிரி நானும் உபயோகிச்சேன். எனக்குப் போன மாதிரி அவனுக்கும் ஒண்ணு போகட்டும்."

"தினம் சூப் கொண்டாந்தியே."

"கிட்ட உக்காந்து பாக்கறதுக்கு."

கிருஷ்ணப்பிரியாவின் கையில் போன் அதிர்ந்தது. திருமுருகன். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. ஒரு வார்த்தை போதும். திருவேற்காட்டிலிருந்து வேன் திரும்பி இங்கே வந்து நிற்கும், போலீஸ் ஜீப்புக்கு முன்னாலேயே. ரசாக்குக்கு அது தெரியும், ஸ்ரீநாத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அண்ணா," என்றாள் அவள். "பரந்தாமன் இல்லை. ஆமா, ஆள் தெரிஞ்சிடுச்சு. வேண்டாம், நீ வராதே. நீ கை வச்சா நாளைக்கு ஜெயில்ல இருக்கறது நீ. ஊருக்குக் கிளம்பு. நான் பாத்துக்கறேன்."

ஸ்ரீநாத்துக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் தைரியமும் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"போலீஸ் வரட்டும் சார். ஒரு தேதியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? பத்து நாள்ல ஜாமீன்ல வந்துடுவேன். வந்து இதே வீட்லதான் இருப்பேன்."

"இன்னா தெனாவட்டு பாரு பாய்," என்றான் உத்தமன்.

கிருஷ்ணப்பிரியா போனை வைத்துக்கொண்டு நிதானமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ரசாக் எட்டிப் பார்த்தார். தடுத்திருக்கலாம். சட்டம் தெரிந்த மனிதர், தடுக்க வேண்டியதுதான் முறை. ஆனால் அந்தச் சூப் வாசனை அவர் மூக்கை விட்டுப் போகவில்லை. பேசாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் விரலை எடுத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு போன் கிணுக்கென்றது. எதிர் வீட்டில் இன்னொன்று. பிறகு தெரு நெடுக, சிறிதும் பெரிதுமாக. டி.வி. சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. கதவுகள் திறந்தன. முதலில் எதிர் வீட்டு அம்மாள் வந்து கேட்டருகில் நின்றாள். அப்புறம் இஸ்திரிக் கடைக்காரன். அப்புறம் ஸ்கூல் யூனிஃபார்ம்கூட மாற்றாத பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாக்கள், அம்மாக்கள். யாரும் கத்தவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்ரீநாத் ஜன்னலிலிருந்து பின்வாங்கினான். "குரூப்புல என்ன போட்டே?"

"நடந்ததை," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "உன் பேரு, உன் போட்டோ, பழைய எண், புதிய எண் ரெண்டும். யாரும் வீடு மாறிப் போயிடக் கூடாதில்ல."

வெளியே கேட்டை யாரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்ரீநாத் ரசாக்கின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"சார்," என்றான். "ஜீப் எப்ப வரும் சார்?"

ரசாக் ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சொல்லியிருக்கேன் தம்பி. ஆனா சி.டி.எச். ரோட்ல இந்த நேரத்துக்கு டிராஃபிக் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா?"